வாங்குவதா, நாமே எழுதிக்கொள்வதா? திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களை நடத்துபவர்களுக்கும், அந்த நிறுவனங்களில் கணினிப் பிரிவைச் சுமப்பவர்களுக்கும்,



உங்களில் பலருக்கு முன்னால் இப்போது ஒரு முடிவு காத்திருக்கிறது. பையர் அனுப்பும் ஆர்டர், டையிங்குக்குப் போகும் டி.சி. (டெலிவரி சலான்), ஜி.எஸ்.டி. இன்வாய்ஸ், இ-வே பில், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் என்று நிறுவனத்துக்குள்ளும் வெளியிலும் ஓடிக்கொண்டிருக்கும் ஆவணங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் மென்பொருளை விலைக்கு வாங்குவதா, ஆள் வைத்து நாமே எழுதிக்கொள்வதா? ஒரு பக்கம் விற்பனைப் பிரதிநிதி பளபளப்பான விளக்கப் படங்களோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். மறுபக்கம் உங்கள் கணினிப் பிரிவில் இருக்கும் கெட்டிக்கார இளைஞர், "ஆறு மாசம் குடுங்க சார், நானே செஞ்சு தந்துடறேன்" என்கிறார். இருவருமே நம்பித்தான் சொல்கிறார்கள். அதனால்தான் முடிவெடுப்பது கடினமாக இருக்கிறது.

நிறுவனங்களுக்கு இடையே ஆவணங்களைக் கொண்டுசேர்க்கும் மென்பொருள் வேலையில் பல காலமாக இருப்பவன் நான். எந்த மென்பொருளுக்கும் முகவர் அல்ல. நான் சொல்ல வருவது இதுதான்: இந்தக் கேள்வியை ஒரே கேள்வியாகக் கேட்கும்வரை சரியான பதில் கிடைக்காது. அதை வெட்டிப் பிரிக்க வேண்டும். பிரிப்பதற்கான கோடு, விதியை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது. வெளியில் இருப்பவர் தன் விருப்பப்படி மாற்றும் விதிகளைப் பின்தொடரும் பகுதியை வாங்குங்கள். நீங்களே வகுத்து நீங்களே மாற்றும் விதிகளைச் சுமக்கும் பகுதியை எழுதுங்கள். ஆவணங்களின் மூலப் பிரதியையும், எது எதற்குச் சமம் என்கிற பட்டியலையும் யார் கையிலும் விட்டுவிடாதீர்கள்.

ஓர் ஆர்டரின் பயணத்தைப் பாருங்கள். பையரின் ஆர்டர் ஆவணமான பி.ஓ. வருகிறது: ஸ்டைல், நிறம், சைஸ், எண்ணிக்கை, கப்பலேறும் தேதி. மெர்ச்சண்டைசர் அதைத் தன் எக்செல் தாளில் ஏற்றுகிறார். அங்கிருந்து நூல் தேவை கணக்கிடப்படுகிறது. நூல் நிட்டிங்குக்குப் போகிறது. துணியாகி டையிங்குக்கு, பிறகு காம்பாக்டிங்குக்கு, வெட்டிய பிறகு பிரிண்டிங்குக்கோ எம்பிராய்டரிக்கோ, அப்புறம் தையலுக்கு. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு டி.சி. போகிறது, ஒரு டி.சி. திரும்புகிறது. பிறகு செக்கிங், அயர்னிங், பேக்கிங். பேக்கிங் லிஸ்ட் ஒருவர் கையில், இன்வாய்ஸ் கணக்குப் பிரிவின் டாலி மென்பொருளில், ஷிப்பிங் பில் சுங்க முகவரின் கணினியில், பையரின் இணைய தளத்தில் நிரப்ப வேண்டியது மெர்ச்சண்டைசரின் மேசையில். ஒரே ஸ்டைல் எண்ணை எத்தனை பேர் எத்தனை முறை தட்டச்சு செய்கிறார்கள் என்று உங்கள் நிறுவனத்தில் ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். மென்பொருள் விலைப்புள்ளியைப் பார்க்கும் முன் அந்த எண்ணிக்கையைப் பார்த்தாக வேண்டும்.

தட்டச்சு என்றால் சின்ன விஷயம் என்று தோன்றலாம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு ஏற்றுமதிக்குக் கட்டிய ஐ.ஜி.எஸ்.டி. வரியின் ரீஃபண்டுக்காகக் காத்திருந்த மாதங்களை நினைத்துப் பாருங்கள். ஷிப்பிங் பில்லில் சொன்ன இன்வாய்ஸ் எண்ணும், ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தின் 6ஏ அட்டவணையில் சொன்ன எண்ணும் ஒன்றாக இல்லையென்றால் சுங்கத்துறைக் கணினி எஸ்.பி.005 என்று ஒரு பிழைக் குறியைக் காட்டி ரீஃபண்டை நிறுத்திவிடும். சுங்க முகவர் வணிக இன்வாய்ஸின் எண்ணைப் போட்டிருப்பார். கணக்குப் பிரிவு வரி இன்வாய்ஸின் எண்ணைப் போட்டிருக்கும். சரக்கு உண்மையானது, வரி உண்மையானது, கப்பல் போய்ச் சேர்ந்துவிட்டது; பணம் மட்டும் வராது. நாடு முழுக்க இது பெருகியதால், அதிகாரி நேரடியாகத் தலையிட்டுச் சரிசெய்ய 2018 பிப்ரவரியில் ஒரு சுற்றறிக்கையே வந்தது. நடைமுறை மூலதனம் முடங்கினால் அடுத்த ஆர்டருக்கு நூல் வாங்க முடியாது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆவண இணைப்பு என்று நாம் பேசுவது அந்த இரண்டு எண்களும் ஒரே இடத்தில் பிறக்க வேண்டும் என்பதைத்தான்.

இப்போது நான் சொன்ன கோட்டைப் போடுவோம். முதலில் அரசு.

இன்வாய்ஸை அரசுத் தளத்தில் பதியும் இ-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபர் 1-ல் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கியது. 2021 ஜனவரியில் 100 கோடி, ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்டில் 5 கோடி என்று வரம்பு இறங்கிக்கொண்டே வந்தது. மூன்று ஆண்டுக்குள் ஆறு படிகள். வரம்பு நின்ற பிறகும் விதி நிற்கவில்லை. 2025 ஜனவரியிலிருந்து 180 நாளுக்கு மேல் பழைய ஆவணத்தை வைத்து இ-வே பில் எடுக்க முடியாது. அதே ஆண்டு ஏப்ரலில், 10 கோடிக்கு மேல் உள்ளவர்கள் இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாளுக்குள் தளத்தில் பதிந்தாக வேண்டும் என்றானது. தளத்தில் நுழைய இரட்டைச் சரிபார்ப்பு எல்லோருக்கும் கட்டாயமானது. ஜூன் மாதம், இன்வாய்ஸ் எண்ணில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டைத் தளம் பார்க்காது என்று மாறியது. செப்டம்பர் 22-ல் ஆயத்த ஆடை வரி மாறியது: ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். அதற்கு முன் பிரிவுக்கோடு 1,000 ரூபாயில் இருந்தது. உள்நாட்டிலும் விற்பவர்களுக்கு அன்று காலையிலேயே இது சரியாக வந்தாக வேண்டியிருந்தது.

வந்த மாற்றங்களில் சிலவற்றை மட்டும்தான் சொன்னேன். இவை ஒவ்வொன்றையும் படித்து, புரிந்து, நிரலை மாற்றி, சோதித்து, குறித்த தேதிக்குள் ஓடவிட ஒரு ஆள் வேண்டும். அதே வேலையை நாட்டில் இலட்சக்கணக்கான நிறுவனங்களும் செய்ய வேண்டியிருக்கிறது. ஒருவர் செய்து எல்லோருக்கும் விற்பது மலிவு. இந்தப் பகுதியை நாமே எழுதுவதில் எந்தப் பெருமையும் இல்லை, எந்த இலாபமும் இல்லை. வாங்குங்கள். குறிப்பாக, இணைய தளத்துக்குள் மனிதர் போல நுழைந்து பொத்தானை அழுத்தும் நிரலை உள்ளேயே எழுதி ஓட்டுபவர்கள், தளத்தின் திரை மாறினால் அன்றைக்கு இ-வே பில் எடுக்க முடியாமல் லாரி நின்றுவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரசு அனுமதித்த ஏ.பி.ஐ. வழியாகப் போகும் சேவையை மட்டும் எடுங்கள். பதிந்த இன்வாய்ஸை ரத்து செய்ய 24 மணி நேரம்தான் இருக்கிறது. ஆகவே பிழை வந்தால் எத்தனை நேரத்தில் உங்களுக்குத் தெரியவரும் என்பதே விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. எத்தனை வண்ண வரைபடங்கள் இருக்கின்றன என்பது கடைசிக் கேள்வியாக இருக்கட்டும்.

அடுத்தது பையர். சில ஐரோப்பிய பையர்கள் இன்னமும் பி.டி.எஃப். ஆர்டரை மின்னஞ்சலில் அனுப்பித் தங்கள் தளத்தில் நம்மை நிரப்பச் சொல்கிறார்கள். பெரிய சில்லறை நிறுவனங்கள், முக்கியமாக அமெரிக்காவில் இருப்பவை, இ.டி.ஐ. என்கிற, கணினிக்குக் கணினி நேரடி ஆவணப் பரிமாற்றத்தைக் கேட்கின்றன. எக்ஸ்12 என்கிற அமெரிக்கத் தர வரிசையில் ஆர்டருக்கு 850, ஆர்டர் திருத்தத்துக்கு 860, சரக்கு கிளம்பிய முன்னறிவிப்புக்கு 856, இன்வாய்ஸுக்கு 810. ஐரோப்பாவில் ஐ.நா. வகுத்த எடிஃபாக்ட். பொதுத் தரம் என்று பெயரே தவிர, ஒவ்வொரு பையரும் அதற்குத் தனிக் கையேடு வைத்திருக்கிறார். ஒருவர் நிறத்தைத் தனிக் குறியீடாகக் கேட்பார், இன்னொருவர் ஸ்டைல் எண்ணோடு ஒட்டிக் கேட்பார்.

இதில் 856 தான் உயிரை வாங்குவது. ஷிப்மென்ட், அதற்குள் ஆர்டர், அதற்குள் அட்டைப் பெட்டி, அதற்குள் சரக்கு என்று அடுக்கடுக்காக எழுத வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒட்டிய லேபிளில் 18 இலக்க எண் ஒன்று இருக்கும். பையரின் கிடங்கில் அந்த எண்ணை ஸ்கேன் செய்யும்போது, நீங்கள் அனுப்பிய முன்னறிவிப்பில் அதே எண்ணுக்கு எதிரே அதே சைஸ், அதே எண்ணிக்கை இருக்க வேண்டும். பேக்கிங் பிரிவில் கடைசி நேரத்தில் எம் சைஸ் தீர்ந்துபோய் இரண்டு எல் சைஸை வைத்துப் பெட்டியை மூடியிருந்தால், அங்கே கடலுக்கு அப்பால் உங்கள் பெயரில் அபராதம் எழுதப்படுகிறது. இன்வாய்ஸ் பணத்திலேயே கழித்துக்கொள்கிறார்கள். மென்பொருள் வாங்கினாலும் எழுதினாலும், பேக்கிங் மேசையில் ஸ்கேனர் இல்லையென்றால் 856 சரியாகப் போகாது. இதை எந்த விற்பனையாளரும் உங்களிடம் அழுத்திச் சொல்வதில்லை.

பையர் விதியும் வெளியிலிருந்து மாறுவதுதான். எனவே தரவை மொழிமாற்றி அனுப்பும் அந்தக் குழாயை வாங்குங்கள். 2002-ல் வால்மார்ட் தன் சப்ளையர்களை ஏ.எஸ்.2 என்கிற இணைய வழி அனுப்புமுறைக்கு மாறச் சொன்னபோது பல்லாயிரம் நிறுவனங்கள் மாற வேண்டியிருந்தது; குழாயைச் சேவையாக வாங்கியிருந்தவர்களுக்கு அந்த மாற்றத்தின் பெரும்பாரத்தைச் சேவை நிறுவனம் சுமந்தது. ஒன்றை மட்டும் உங்கள் கையில் வையுங்கள். நீங்கள் அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் பையர் கணினி 997 என்கிற ஒப்புகை அனுப்ப வேண்டும். அது வந்ததா, வரவில்லையென்றால் யார் எப்போது போன் செய்வது என்பதை உங்கள் ஆள்தான் பார்க்க வேண்டும். அனுப்பியாகிவிட்டது என்று திரையில் பச்சை விளக்கு எரிவதற்கும் பையர் பெற்றுக்கொண்டதற்கும் இடையில் ஒரு வார இறுதி முழுக்க ஓடிவிடக் கூடும்.

இனி உள்ளே வருவோம். இங்கேதான் என் அக்கறை அதிகம்.

திருப்பூரின் வேலைமுறை வேறு எந்தப் புத்தகத்திலும் இல்லை. துணி கிலோவில் போகிறது, உடை எண்ணிக்கையில் வருகிறது. டையிங்குக்குப் போன எடை முழுசாகத் திரும்புவதில்லை; எத்தனை சதவீதம் குறைவை ஏற்பது என்பது நிறத்துக்கு நிறம், துணிக்குத் துணி, ஆலைக்கு ஆலை மாறும். ஒரே லாட்டில் பாதியை ஒரு யூனிட்டுக்கும் பாதியை இன்னொரு யூனிட்டுக்கும் அனுப்புவீர்கள். அவசரத்துக்கு ஒரு ஆர்டரின் துணியை இன்னொன்றுக்கு மாற்றுவீர்கள். ஜாப் ஒர்க்குக்குப் போன மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டம், ஐ.டி.சி-04 படிவத்தில் அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். வெளியில் வாங்கும் பெரிய ஈ.ஆர்.பி. (நிறுவன மேலாண்மை மென்பொருள்) ஒன்றில் இந்த வேலைமுறையை அப்படியே உட்கார வைக்க முயன்றால், நீங்கள் மென்பொருளை வளைக்கத் தொடங்குவீர்கள். வளைத்த மென்பொருளுக்கு வாங்கியதன் வசதியும் இருக்காது, எழுதியதன் சுதந்திரமும் இருக்காது.

இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சியில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். 2022 ஏப்ரலில் பழைய எஸ்.ஏ.பி. முறையை விட்டு ஆரக்கிளுக்கு மாறினார்கள். தொடக்க மதிப்பீடு சுமார் 2 கோடி பவுண்டு. மென்பொருள் எப்படி இருக்கிறதோ அதற்கேற்ப மாநகராட்சியின் பழக்கங்களை மாற்றிக்கொள்வது என்றுதான் முதலில் திட்டம். போகப் போக, பழைய பழக்கங்களுக்கு ஏற்ப மென்பொருளை மாற்றினார்கள். அப்படி மாற்றிய பகுதிகளில் ஒன்று, வங்கியில் வந்த பணத்தையும் கணக்கையும் ஒப்பிட்டுச் சேர்ப்பது. அது ஓடவில்லை. வந்த பணம் எதற்கானது என்று கணக்கில் சேர்க்க முடியாமல் ஆட்களை வைத்துக் கையால் சேர்க்க வேண்டியதாயிற்று. செலவு 10 கோடி பவுண்டைத் தாண்டியது. ஐரோப்பாவின் மிகப் பெரிய உள்ளாட்சி அமைப்புகளில் ஒன்றுக்கே இது நேர்ந்தது. அளவில் சிறிய நீங்கள் இதைத் தாங்க மாட்டீர்கள்.

ஆகவே டி.சி. கணக்கு, எடை குறைவு, லாட் பிரிப்பு, சைஸ் விகிதம், உங்கள் ஸ்டைல் எண்ணுக்கும் பையரின் எண்ணுக்கும் உள்ள பொருத்தம் ஆகியவற்றைச் சுமக்கும் பகுதியை நீங்களே எழுதுங்கள், அல்லது உங்கள் ஊர் நிரலாளர்களைக் கொண்டு உங்களுக்கே சொந்தமாக எழுதி வாங்குங்கள். ஜோயல் ஸ்போல்ஸ்கி என்கிற மென்பொருள் எழுத்தாளர் 2001-லேயே இதை வாதிட்டார்: தொழிலின் உயிர்நாடியான வேலை எதுவோ, அதைப் பிறரிடம் விடக் கூடாது. உங்கள் உயிர்நாடி இன்வாய்ஸ் அச்சடிப்பதில் இல்லை. பல யூனிட்டுகளில் சிதறிக் கிடக்கும் வேலையைக் கப்பல் தேதிக்குள் ஒன்றாகக் கொண்டுவருவதில் இருக்கிறது.

இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் பொருள்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கொண்டுவரும் சட்டத்தை 2024 ஜூலையில் அமலாக்கியது. 2025 ஏப்ரலில் வந்த பணித்திட்டத்தில் ஆடை முன்னுரிமை வரிசையில் இருக்கிறது. விவரமான விதிகள் வந்ததும் இந்த டி-ஷர்ட்டின் நூல் எது, சாயம் எங்கே ஏறியது என்று பையர் கேட்பார். அதற்கான பதில் உங்கள் டையிங் டி.சி.யில் இருக்கிறது. அது கார்பன் தாளில் கிடந்தால் பதில் சொல்ல முடியாது. இன்னொருவரின் சேவையகத்தில் அடைபட்டுக் கிடந்தால், ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கட்டணம் கட்டித்தான் பதிலை எடுக்க வேண்டியிருக்கும்.

எழுதுங்கள் என்று சொன்னதும் அந்தக் கெட்டிக்கார இளைஞரிடம் முழுப் பொறுப்பையும் கொடுத்துவிடாதீர்கள். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்./360 திட்டத்தை நடத்திய ஃபிரெடரிக் புரூக்ஸ், 1975-ல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்குச் சொன்னார். ஒருவர் தன் மேசையில் ஓடும் நிரலை எழுதுவதற்கு ஆகும் செலவைப் போல, மற்றவர்கள் நம்பிப் பயன்படுத்தும்படியாகச் சோதித்து, ஆவணப்படுத்தி, பிற நிரல்களோடு சேர்ந்து இயங்கும்படி ஆக்குவதற்குக் குறைந்தது ஒன்பது மடங்கு ஆகும். ஆறு மாதம் என்று அவர் சொல்வது பொய்யல்ல. அவர் மேசையில் ஓடும் நிரலுக்கான காலம் அது. ஷிப்மென்ட் நாளில் இரவு பதினோரு மணிக்கு மின்சாரம் போய் வந்த பிறகும் விட்ட இடத்திலிருந்து, ஒரே டி.சி.யை இரண்டு முறை பதியாமல் தொடர்வதற்கான காலம் வேறு.

அவர் பெங்களூருக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்பதை முதல் நாளே கேளுங்கள். அவரைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. திறமைசாலி வளரத்தான் செய்வார், வளர்வதை நாம் வாழ்த்த வேண்டும். அதனால் இரண்டு பேர் சம்பளத்தைக் கணக்கில் வையுங்கள். நிரல் நிறுவனத்தின் பெயரில் உள்ள களஞ்சியத்தில் இருக்கட்டும், அவருடைய மடிக்கணினியில் அல்ல. கடவுச்சொற்களின் ஒரு பிரதி முதலாளியின் பூட்டிய இடத்தில் இருக்கட்டும். இரண்டு பேருக்குச் சம்பளம் தர உங்கள் விற்றுமுதல் இடம் தரவில்லையென்றால், எழுதும் வழி உங்களுக்கு இப்போதைக்கு இல்லை. இதை நயமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி ஒரே வாரத்தில் எழுதிவிடலாமே என்று கேட்கிறார்கள். நிரல் எழுதும் செலவு உண்மையாகவே குறைந்திருக்கிறது. பி.டி.எஃப். ஆர்டரைப் படித்து ஸ்டைல், நிறம், எண்ணிக்கை என்று பிரித்துக் கொடுப்பதையும் அது நன்றாகவே செய்கிறது. மெர்ச்சண்டைசரின் அரை நாளை மிச்சப்படுத்தும். ஆனால் சைஸ் அட்டவணையில் ஒரு கட்டம் தள்ளிப் படித்துவிட்டால், தடுமாற்றமே இல்லாமல் தவறான எண்ணைக் கொடுக்கும். அதை வரைவாக மட்டும் வைத்து, பையரின் மொத்த எண்ணிக்கையோடு கூட்டிப் பார்த்து, ஒரு மனிதர் ஒப்புக்கொண்ட பிறகே நூல் கணக்குக்குள் விடுங்கள். பராமரிக்கும் செலவு எழுதும் செலவைப் போலக் குறையவில்லை. யாரும் படித்துப் பார்க்காத நிரல் பிழையாகும்போது அதைத் திருத்தவும் யாரும் இருக்க மாட்டார்கள்.

வாங்கும் பகுதியிலும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. நீங்கள் யாரிடம் வாங்கினீர்களோ அவரே விற்கப்படலாம். இ.டி.ஐ. உலகின் பெரிய பெயர்களில் ஒன்றான ஸ்டெர்லிங் காமர்ஸை 2010-ல் ஐ.பி.எம். வாங்கியது. இன்னொரு இ.டி.ஐ. நிறுவனமான ஜி.எக்ஸ்.எஸ். 2014 ஜனவரியில் ஓப்பன்டெக்ஸ்டிடம் போனது. இணைப்பு மென்பொருள் நிறுவனமான மியூல்சாஃப்டை 2018-ல் சேல்ஸ்ஃபோர்ஸ் எடுத்துக்கொண்டது. அதே வகை மென்பொருளான வெப்மெதட்ஸ் 2024-ல் ஐ.பி.எம். வசமானது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் ஓடிய மைக்ரோசாஃப்டின் இணைப்பு மென்பொருளான பிஸ்டாக் சர்வருக்கு 2020 பதிப்பே கடைசி. 2030-ல் அதன் ஆதரவு முடிகிறது. இலவச மென்பொருளும் விலக்கல்ல. மருத்துவமனைகள் ஆவணப் பரிமாற்றத்துக்கு நம்பியிருந்த மிர்த் கனெக்ட், 2025-ல் புதிய பதிப்பிலிருந்து தனியுரிமை உரிமத்துக்கு மாறியது. ஆண்டுக் கட்டணமும் ஆதரவுத் தரமும் புது முதலாளியின் கையில் போகும் என்பதை எண்ணித்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒப்பந்தத்தில் என்ன கேட்பது? உங்களுக்காக எழுதிய மேப்பிங் (உங்கள் தரவைப் பையரின் வடிவத்துக்கு மாற்றும் பொருத்தம்) அனைத்தும் உங்கள் சொத்து என்று எழுதி வாங்குங்கள். வந்த ஆவணம், போன ஆவணம், ஒப்புகை மூன்றும் மூல வடிவிலேயே தினமும் உங்கள் சேவையகத்துக்கு ஒரு பிரதி வந்துவிட வேண்டும். ஒரு பையரின் கையேடு மாறினால் திருத்தக் கட்டணம் எவ்வளவு என்று முன்பே எண்ணாக எழுதுங்கள். ஆவணத்துக்கு இவ்வளவு, பையருக்கு இவ்வளவு என்று ஏறும் கட்டணங்களில்தான் ஐந்தாண்டுச் செலவு ஒளிந்திருக்கும். விலகும்போது எத்தனை நாளில், எந்த வடிவில் எல்லாம் திரும்பும் என்று கேளுங்கள். இதற்குத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

பாதுகாப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2023 மே மாத இறுதியில் மூவ்இட் என்கிற கோப்புப் பரிமாற்ற மென்பொருளின் ஓட்டை வழியாக கிளாப் என்ற கும்பல் உள்ளே புகுந்தது. ஸெல்லிஸ் என்ற சம்பளக் கணக்கு நிறுவனம் அதைப் பயன்படுத்தியதால், பி.பி.சி.யும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் தங்கள் ஊழியர் விவரங்களை இழந்தன. அவர்கள் வாங்கியது நல்ல பெயருள்ள மென்பொருள். வாங்கியதால் பொறுப்பு கைமாறிவிடவில்லை. பையரின் வடிவமைப்பும் விலையும் உங்கள் வழியாகக் கசிந்தால் பையர் உங்களைத்தான் கேட்பார். அனுப்பி முடித்த கோப்புகள் பரிமாற்றக் கணினியிலேயே மாதக்கணக்கில் கிடக்க விடாதீர்கள்.

ஆண்டுக்குப் பத்துக் கோடி, பதினைந்து கோடி அளவில், மூன்று நான்கு பையர்களோடு தொழில் செய்பவர்களுக்கு: நீங்கள் இப்போது பெரிதாக எதையும் வாங்கவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். டாலியோடு இணைந்த இ-இன்வாய்ஸ் சேவை போதும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு எண் வரிசையை ஒழுங்குபடுத்துங்கள். ஜி.எஸ்.டி. விதிப்படி இன்வாய்ஸ் எண் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். அந்த எண்ணையே வணிக இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் எல்லாவற்றிலும் போடுங்கள். உள் எண் ஒன்று, வெளி எண் ஒன்று வேண்டாம். ஸ்டைல் எண்ணுக்கும் அப்படியே ஒரே பதிவேடு. இதற்குச் செலவில்லை. இந்த ஒழுங்கு இல்லாமல் மேலே எந்த மென்பொருளைப் போட்டாலும் அது தவறை வேகமாகப் பரப்பும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், உங்கள் எல்லோருக்கும் சேர்த்து. ஒரே அமெரிக்க பையருக்கு இந்த ஊரில் பல நிறுவனங்கள் சரக்கு அனுப்புகின்றன. அந்த பையரின் 850-யும் 856-யும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக அதே மேப்பிங்குக்குப் பணம் கட்டுகிறார்கள். பையர் கையேட்டை மாற்றும்போது ஒவ்வொருவரும் மறுபடி கட்டுகிறார்கள். அந்த மேப்பிங்கில் விலை ரகசியம் எதுவும் இல்லை. எந்தத் தகவல் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பது மட்டுமே இருக்கிறது. தனியாகக் கட்ட முடியாத சாய ஆலைகள் கூட்டாகச் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தும் ஊர் இது. ஆவணத்திலும் அதைச் செய்ய முடியும். பையரின் அனுமதியைக் கூட்டாகக் கேட்டுப் பெறுங்கள். பொது மேப்பிங்குகளை உங்கள் ஏற்றுமதியாளர் சங்கத்தின் பெயரில் எழுதி வையுங்கள், பராமரிக்க இரண்டு பேரைப் பொதுச் செலவில் அமர்த்துங்கள். தனியாக இரண்டு பேருக்குச் சம்பளம் தர முடியாத நிறுவனத்துக்கும் அப்போது ஒரு வழி கிடைக்கும். சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாகச் சேருங்கள். எந்தெந்த பையர்கள், எத்தனை நிறுவனங்கள், ஆளுக்கு இப்போது எவ்வளவு செலவு என்ற பட்டியலை அதற்கு முன் திரட்டுங்கள்.

அன்புடன்,
ஆவண இணைப்பு வேலையில் இருக்கும் ஒரு மென்பொருள் பொறியாளர்